அமெரிக்கக் கறுப்பின மாதரும் புற்றுநோய் ஆராய்ச்சியும்

பிரெடெரிக் டக்ளஸ் என்பார் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலே அடிமையாகப் பிறந்தவர். தப்பிச் சென்றபின், 1845 ஆம் ஆண்டில் தமது வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். வயது வந்த அடிமை ஒருவருக்கு மாதந்தோறும் அளக்கப்பட்ட உணவை அந்நூலிலே அவர் குறித்து வைத்துள்ளார்: பன்றியிறைச்சி 8 றாத்தல், அல்லது அதற்கீடான மீன், சோளமா 1 புசல்.

விடியுமுன் வயலுக்குச் சென்று இருண்டபின் திரும்பியவரின் உடலிலே அவ்விறைச்சியின் கொழுப்புத் தங்க இடமில்லை. உழைப்பிற் கரைந்து போயிற்று. குடிசையருகே துண்டு நிலம் கிடைத்த இடங்களிலே அம்மக்கள் கீரையும் வற்றாளையும், ஆபிரிக்காவிலிருந்து வந்த வெண்டியும் கௌபியும் பயிரிட்டு உண்டனர். இக்கால வைத்தியர் உண்ணச் சொல்லும் பொருள்களிற் பாதி அக்குடிசைத் தோட்டங்களிலே விளைந்தன எனலாம்.

1910 ஆம் ஆண்டு தொடங்கி 1970 வரையில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்மாநிலங்களை விட்டுச் சிக்காகோ, டெற்றோயிற் முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பொரித்த உணவும் உப்பிட்ட இறைச்சியும் அவர்களோடு சென்றன, தோட்டம் பின்தங்கிவிட்டது. அவர்கள் இன்ன பகுதியிலேதான் குடியிருக்கலாம் என்னும் கட்டுப்பாடும் நகரங்களில் இருந்தது. அப்பகுதிகள் பலவற்றிலே புதிய மரக்கறி விற்கும் நல்ல கடைகள் அரிதாயின.

இனி உடற்பயிற்சி. கறுப்பினப் பெண்கள் நடக்க விரும்பாதவர் என்று எவரேனும் கூறின், அவருக்கு மொன்ற்கொமரி நகரின் வரலாறு விடை கூறும். பேருந்துகளிலே நிறத்தின்படி இருக்கை வகுக்கப்பட்டதை எதிர்த்து, 1955 டிசம்பர் 5 முதல் 1956 டிசம்பர் 20 வரை, 381 நாள்கள் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏற மறுத்தனர். வெள்ளையர் வீடுகளிலே சமைத்தும் துணி துவைத்தும் பிழைத்த பெண்கள் எத்தனையோ பேர், மைற்கணக்கான தூரத்தைக் காலையும் மாலையும் நடந்தே கடந்தனர். ஆயினும் பூங்காக்களிலும் கறுப்பினத்தாருக்குச் சமவுரிமை வேண்டும் என்று வழக்குத் தொடரப்பட்டபோது, அந்நகர சபை 1959 இல் பூங்காக்கள் அனைத்தையுமே மூடிவிட்டது. 1965 வரை அவை திறக்கப்படவில்லை. உலாவுதற்கு இடமே இல்லாதவரை உலாவுக என்று பணிப்பது எளிது!

உணவுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு, முதலிலே எலிகளிடத்துத்தான் தெளிவாகக் காணப்பட்டது. சிக்காகோவில் அல்பேட் தனன்போம் 1940 களில் எலிகளின் உணவைக் குறைத்தபோது, அவற்றிற் கட்டிகள் தோன்றுவதும் குறைந்தது. மனிதரிடத்து இதன் காரணம் பின்னர் விளங்கிற்று. மாதவிடாய் நின்றபின் பெண்ணின் சூலகம் ஈஸ்திரசன் என்னும் ஓமோனைச் சுரப்பது ஓய்ந்துவிடும். அதன்பின் உடற்கொழுப்பே அதனை ஆக்கும் முக்கிய இடமாகின்றது. கொழுப்பு மிகுந்தால் ஈஸ்திரசனும் மிகும். அது மார்பகத்திலும் கருப்பையின் உட்படலத்திலும் உள்ள உயிரணுக்களைப் பெருகத் தூண்டும். 2016 இல் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், மிகையான உடற்கொழுப்போடு தொடர்புடைய புற்றுநோய்கள் 13 என்று அறிவித்தது.

ஆனால் இவ்வறிவு யாருடைய உடலை ஆராய்ந்து பெற்றது? 1976 இல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சி ஒன்றிலே 121,700 தாதியர் சேர்ந்தனர்; மிகப் பெரும்பாலார் வெள்ளையர். 1991 இல் அமெரிக்க அரசு, 50 முதல் 79 வயதுப் பெண்களுக்காகப் பேராராய்ச்சி ஒன்றைத் தொடங்கிற்று. அதிலே கறுப்பினப் பெண்களும் பல்லாயிரவர் இருந்தனர். 48,835 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கொழுப்புக் குறைந்த உணவு உண்ணச் செய்தனர். 2006 இல் முடிவு வந்தது: மார்பகப் புற்றுநோய் உறுதியாகக் குறைந்தது என்று கூறுதற்கில்லை. உண்ணும் கொழுப்பு வேறு, உடலிலே தங்கும் கொழுப்பு வேறு என்பதைப் பலர் அப்பொழுதுதான் உணர்ந்தனர்.

கறுப்பினப் பெண்களுக்கே உரிய ஆராய்ச்சி 1995 இல் பிறந்தது. பொஸ்ரன், ஹவாட் ஆகிய பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சியாளர், கறுப்பினப் பெண்கள் விரும்பிப் படித்த ‘எசென்ஸ்’ என்னும் சஞ்சிகையின் சந்தாதாரருக்கு வினாக்கொத்தை அஞ்சலில் அனுப்பினர். ஏறத்தாழ 59,000 பெண்கள் விடை எழுதி அனுப்பினர். இரண்டாண்டுக்கு ஒருமுறை வினாக்கொத்து வரும்; அவர்களும் தமது நிறை, உணவு, நடை, நோய் ஆகியவற்றைக் குறித்து அனுப்புவர். அவர்களுட் பலர் இவ்வாறு எழுதிக்கொண்டே முதுமை எய்தினர். மரக்கறி மிகுதியாக உண்போரிடத்து, ஈஸ்திரசனால் தூண்டப்படாத கொடிய வகை மார்பகப் புற்றுநோய் குறைவாக உள்ளதென 2010 இல் இவ்வாராய்ச்சி காட்டிற்று. வாரத்துக்கு 7 மணி நேரமோ அதற்கு மேலோ கடும் பயிற்சி செய்தோருக்கு மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழக் காற்பங்கு குறைவு என 2014 இல் வெளியிட்டது.

ஆயினும் பருமன் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. அமெரிக்காவிலே கருப்பைப் புற்றுநோயால் இறக்கும் கறுப்பினப் பெண்களின் விகிதம் வெள்ளையரினும் ஏறத்தாழ இருமடங்கு. கொடிய வகைக் கட்டிகள் அவர்களிடத்து மிகுதி. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் நேரும் தாமதமும் அதற்குத் துணை செய்கின்றது. இதனை மறைத்துவிட்டு, குறையை உண்பவர் தட்டிலே மட்டும் தேடுவது முறையன்று.

எண்கள் வந்து சேருமுன்பே செயலில் இறங்கியோரும் இருந்தனர். 1990 களில் வட கரோலினாவின் 10 மாவட்டங்களைச் சேர்ந்த 50 கறுப்பினத் தேவாலயங்கள் ஒரு முயற்சியிற் பங்குகொண்டன. மரக்கறியும் பழமும் உண்ணுமாறு போதகர் எடுத்துரைத்தார். தேவாலய விருந்தின் சமையலும் மாறிற்று. 2010 இல் தொடங்கிய ‘கேள் ட்ரெக்’ என்னும் இயக்கத்திலே, கறுப்பினப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து நாளுக்கு 30 நிமிடம் நடக்கின்றனர். அவர்கள் நடப்பது தாம் குடியிருக்கும் தெருக்களிலேதான்.