வெற்றியின் மணி, துயரத்தின் மணி

கொலோன் பேராலயத்தின் தென்கோபுரத்தில் தொங்கும் 24 தொன் மணியின் ஓசையை இந்நாட்டில் வாழும் எம்மவரில் பலர் கேட்டிருப்பர். கொலோன் மக்கள் அதைத் 'தடித்த பீட்டர்' என்பார்கள். அதே கோபுரத்தில் அதற்கு முன் இன்னும் பெரிய மணி ஒன்று இருந்தது. எனது அக்கறை அந்த மணியிலிருந்து தொடங்குகிறது.

1870-71 போரில் பிரான்சிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளில் 22ஐ முதலாம் வில்ஹெல்ம் பேராலயத்துக்கு வழங்கினார். அவற்றை மணியாக வார்க்கும் பொறுப்பைப் பிராங்கென்தால் நகரின் அந்திரேயாஸ் ஹாம் ஏற்றார்.

பீரங்கி வெண்கலமும் மணி வெண்கலமும் ஒன்றல்ல. பீரங்கியில் பத்தில் ஒரு பங்களவே வெள்ளீயம், மிகுதி செம்பு. வெடியின் அமுக்கத்தில் அது பிளந்துவிடக் கூடாது. மணியிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம். நாதம் நீள்வது அதனாலேயே. மணி எளிதில் வெடித்துப் போவதும் அதனாலேயே. ஆகவே பீரங்கிகளை உருக்கி, மேலும் வெள்ளீயம் கூட்ட வேண்டியிருந்தது. 1873 ஓகஸ்டில் செய்த முதல் வார்ப்புப் பழுதாயிற்று. நவம்பரில் வார்த்ததும் ஏற்கப்படவில்லை. 1874 ஒக்ரோபரில் மூன்றாவது. அதிலும் கேட்ட சுருதி அமையவில்லை, ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். இருபத்தைந்து தொன்னுக்கு மேற்பட்ட உலோகத்தை மூன்று தடவை உருக்கி ஊற்றியவர்களின் பெயர்கள் மணியில் இல்லை. தொழிற்சாலையில் நிற்பவனுக்கு இது முதலில் கண்ணில் படுகிறது.

மணியில் இருந்தது மன்னரின் பெயர். பிரான்சுடனான போரை வென்று பேரரசை மீள நிறுவ வான்துணை கிடைத்ததற்கு நன்றியாக, பிடிபட்ட பீரங்கிகளின் ஐம்பதாயிரம் இறாத்தல் வெண்கலத்தை உருக்க அவர் ஆணையிட்டதாக இலத்தீன் வாசகம் சொல்லிற்று. ஜேர்மன் மொழி வாசகமோ தேசத்துக்குச் சமாதானத்தையும் படைவலிமையையும் ஒருசேர வேண்டிற்று. வாளைக் கொழுவாக அடித்த கதையாக இதை எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. பீரங்கி தன் வேலையை மாற்றவில்லை, குரலை மட்டுமே மாற்றிக்கொண்டது.

1918இல் அது திரும்பிப் போயிற்று. அக்காலப் பீரங்கிகள் உருக்கினால் ஆனவை. ஆனால் ஷெல்லின் இடுப்பைச் சுற்றும் பட்டிக்குச் செம்பு வேண்டும். பிரித்தானியக் கடல் முற்றுகையால் ஜேர்மனிக்குள் செம்பு வருவது நின்றிருந்தது. முழுதாக இறக்க முடியாத மணியைக் கோபுரத்துக்குள்ளேயே உடைத்து எடுத்துச் சென்றார்கள்.

இப்போதைய மணியை 1923 மே மாதம் அபோல்டாவில் ஹைன்றிச் உல்றிச் வார்த்தார். பணவீக்கம் உச்சத்தை நோக்கி ஓடிய ஆண்டு அது. றூர் பிரதேசத்தில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் நின்றன. இதன் வாசகம், தான் ஜேர்மன் துயரத்தில் பிறந்ததாகவும் ஐக்கியத்துக்கு அழைப்பதாகவும் கூறுகிறது. பெல்ஜியத்தில் 1914இல் எரிந்த ஊர்கள் அந்தத் துயரக் கணக்கில் சேரவில்லை. பதினாறு ஆண்டுகளில் அடுத்த போர். இந்த மணி தப்பியது. ஆனால் ஜேர்மனியிலும் கைப்பற்றிய நாடுகளிலும் இறக்கப்பட்ட ஏறத்தாழ 1,75,000 மணிகளில் 1,50,000 வரை அழிந்தன. உருக்குவதற்காகக் காத்துக் கிடந்தவை ஹம்பேர்க் துறைமுகத்தில் அடுக்கப்பட்டிருந்தன. அந்த இடத்துக்கு 'மணிகளின் மயானம்' என்று பெயர்.

வெற்றியைப் பொறிப்பவர்களை எமக்குத் தெரியும். 2009க்குப் பின் கிளிநொச்சியில் எழுந்த நினைவுச்சின்னத்தைப் பற்றி எமக்குள் கருத்து வேறுபாடு இராது. துயரத்தைப் பொறிப்பவர்களிடம்தான் நாம் கேள்வி கேட்பதில்லை, ஏனெனில் அவர்கள் நாமே. எமது துயரம் பொய்யல்ல. 1923இன் ஜேர்மன் பசியும் பொய்யல்ல. துயரத்தின் பெயரால் ஐக்கியத்துக்கு அழைக்கும்போது யாரை அழைக்காமல் விடுகிறோம் என்பதே என் கேள்வி. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். எமது நினைவுக் கூட்டங்களில் அதற்கு எத்தனை நிமிடம் ஒதுக்குகிறோம்?

தமிழ் எழுத்துப் பொறித்த மணி ஒன்று நியூசிலாந்தின் வெலிங்டன் நூதனசாலையில் உண்டு. மதப்பணிக்குச் சென்ற வில்லியம் கொலென்சோ 1836ஆம் ஆண்டளவில் அதைக் கண்டபோது, மாவோரி மக்கள் அதில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்கள். விளிம்பு உடைந்த சிறு வெண்கல மணி. முகையிதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்பது மட்டுமே அதில் எழுதியிருக்கிறது.