சமத்துவபுரம்

சமத்துவபுரம் என்பது பல சாதிகளைச் சேர்ந்த குடும்பங்கள் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழ வேண்டும் என்னும் நோக்கத்துடன் தமிழ்நாடு அரசு அமைத்த குடியிருப்பாகும். 'பெரியார் நினைவு சமத்துவபுரம்' என்னும் முழுப்பெயர் கொண்ட இத்திட்டம் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்த 1997ஆம் ஆண்டில் உருவானது. முதல் சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது.

தமிழகச் சிற்றூர்கள் பலவும் ஊர் என்றும், சேரி அல்லது காலனி என்றும் நெடுங்காலமாக இரண்டாகப் பிரிந்து கிடப்பவை. 1990களில் தென்மாவட்டங்களில் இப்பிளவு குருதி சிந்தும் மோதலாக முற்றியது. 1995இல் கொடியன்குளத்தில் பட்டியல் சாதியினரின் வீடுகளைக் காவல்துறையினரே சூறையாடினர். 1997இல் மேலவளவில், பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் உடனிருந்தோருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். இத்திட்டம் பிறந்த சூழல் இதுவே.

ஒவ்வொரு சமத்துவபுரத்திலும் பொதுவாக 100 வீடுகள் கட்டப்பட்டு, 40 வீடுகள் பட்டியல் சாதியினருக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 ஏனையோருக்கும் ஒதுக்கப்பட்டன. சாதிக்கொரு தெரு என்று ஆகிவிடாதபடி இவ்வீடுகள் கலந்தே அமைந்தன. சாலை, குடிநீர், நியாயவிலைக் கடை போன்றவை எந்த அரசுக் குடியிருப்பிலும் இருக்கக்கூடியவை. இத்திட்டத்தின் துணிவு வெளிப்படுவது பொது மயானத்தில்தான். ஊர்த்தெரு வழியே பாடையைக் கொண்டுசெல்லத் தடை இருப்பதால், பட்டியல் சாதியினர் இறந்தவரைச் சுமந்துகொண்டு வயல் வரப்பிலும் ஓடை நீரிலும் இறங்கி நடக்க நேரும் ஊர்கள் உள்ள மாநிலத்தில், எல்லாச் சாதியினருக்கும் ஒரே சுடுகாடு, ஒரே பாதை என்று அரசு வகுத்தது சிறிய காரியமன்று.

அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் முன்வைத்த தொடர்புக் கருதுகோள், அதாவது பகைமை கொண்ட குழுக்கள் நேரில் பழகினால் முற்சாய்வு குறையும் என்னும் கருத்து, அப்பழக்கத்திற்கு நான்கு நிபந்தனைகளை விதிக்கிறது: சமநிலை, பொது இலக்கு, கூட்டுழைப்பு, அதிகார அமைப்பின் ஆதரவு. சமத்துவபுரம் இவற்றுள் நான்காவதை முழுமையாகவும், முதலாவதைக் குடியிருப்பின் எல்லைக்குள்ளும் நிறைவேற்றியது. ஆனால் நிலவுடைமை, கூலி வேலை, கோயில் உரிமை, மணவுறவு ஆகியவை அவ்வெல்லைக்கு வெளியே பழைய முறைப்படியே இயங்கியதால், அண்டை வீட்டாராக ஆனவர்கள் ஒரே இலக்குக்காகச் சேர்ந்து உழைக்கும் வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. பரப்பளவிலும் இத்திட்டம் குறுகியதே. சிங்கப்பூர் 1989இல் கொண்டுவந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் மறுவிற்பனையாகும்போதும் இன விகிதத்தைக் கட்டாயமாக்கி, மக்களில் பெரும்பான்மையோரை அதற்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அமைந்தவையோ ஏறத்தாழ 240 குடியிருப்புகளே. அவையும் புதிய இடங்களில் எழுந்தவை என்பதால், ஊரும் சேரியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

2001இல் ஆட்சி மாறியபின் திட்டம் தேங்கியது. 2006க்குப் பின் மீண்டும் தொடர்ந்து, 2011க்குப் பின் மறுபடியும் தேங்கி, 2021க்குப் பின் பழைய வீடுகளைச் சீரமைக்கும் பணியாகப் புத்துயிர் பெற்றது. சமூகப் பிளவை ஆற்றும் முயற்சி ஆட்சிக்கு ஆட்சி விட்டுவிட்டுத் தொடர்ந்தது இத்திட்டத்தின் பெருங்குறை. முதல் சமத்துவபுரம் எழுந்த அதே மதுரை மாவட்டத்தில், பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊராட்சிகளில் பட்டியல் சாதித் தலைவர் ஒருவர் பதவியில் நிலைத்திருக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.