குணமாகாத கால்

1521 மே 20ஆம் தேதி, பாம்ப்லோனா கோட்டையில் நின்றிருந்த இன்யிகோ என்ற பாஸ்க் வீரனின் கால்களுக்கு நடுவே ஒரு பீரங்கிக் குண்டு பாய்ந்தது. ஒரு கால் எலும்பு நொறுங்கிப்போனது. இன்னொரு காலிலும் பலத்த காயம். கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களே கட்டுப்போட்டு, கொஞ்ச நாள் கழித்துத் தூக்குப் படுக்கையில் ஏற்றி லொயோலாவிலிருந்த அவன் குடும்ப வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே மருத்துவர்கள் பார்த்துவிட்டு எலும்பு தப்பாகச் சேர்ந்திருக்கிறது, மறுபடியும் உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். முஷ்டியை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தானாம், அவ்வளவுதான். அதன் பிறகு சாவு வரை போனான். பேதுரு, பவுல் திருநாளுக்கு முந்தின இரவு, நள்ளிரவுக்குள் தேறாவிட்டால் ஆள் போய்விடுவான் என்று சொல்லிவிட்டார்கள். தேறிவிட்டான்.

கதை இதோடு முடிந்திருந்தால் வழக்கமான புதுமைக் கதையாகியிருக்கும். முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. காலும் குட்டையாகிவிட்டது. அந்தக் காலத்து அரசவை இளைஞர்கள் போடும் இறுக்கமான பூட்ஸை இனி போட முடியாது. அதற்காக, வெறும் அழகுக்காக, அந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னான். முன்பு பட்ட வலியையெல்லாம்விட இது மோசமாக இருக்கும் என்று எச்சரித்தார்கள். பரவாயில்லை என்றான். அறுத்தார்கள், கருவிகளை மாட்டி நாள்கணக்கில் காலை இழுத்துப் பார்த்தார்கள். கடைசிவரை அவர் நொண்டித்தான் நடந்தார். இதையெல்லாம் நமக்குச் சொன்னது யாரோ பகையாளி இல்லை. 1553க்கும் 1555க்கும் இடையில், சேசு சபையின் தலைவராக ரோமில் இருந்த இஞ்ஞாசியாரே, கொன்சால்வஸ் தா கமரா என்ற சபைத் தோழரிடம், தன்னையே மூன்றாம் மனிதனாக வைத்துச் சொன்னது. ஒரு புனிதர் தன் பூட்ஸ் ஆசையை இப்படிப் போட்டு உடைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

படுக்கையில் பொழுது போகவில்லை. வீரக் கதைகள் கேட்டார், வீட்டில் ஒன்றுகூட இல்லை. கிடைத்தவை இரண்டு: புனிதர்களின் வரலாற்றுத் தொகுப்பு ஒன்று, சாக்சனி லுடால்ஃபின் ‘கிறிஸ்துவின் வாழ்க்கை’ ஸ்பானிய மொழிபெயர்ப்பில். இந்த இரண்டாவது புத்தகத்தில்தான் விஷயம் இருக்கிறது. லுடால்ஃப் 14ஆம் நூற்றாண்டின் கார்த்தூசியத் துறவி. நற்செய்தியைப் படிக்கும்போது அது எப்போதோ நடந்தது என்று நினைக்காதே, இப்போது உன் கண்முன் நடக்கிறது என்று வைத்துக்கொள், நீயும் அங்கே நில் என்பது அவருடைய பாடம்.

இது லுடால்ஃப் கண்டுபிடித்ததும் இல்லை. 6ஆம் நூற்றாண்டிலேயே பெனடிக்ட் தன் துறவிகளுக்கு உடல் உழைப்போடு இறைநூல் வாசிப்புக்கும் தினமும் நேரம் ஒதுக்கினார். 12ஆம் நூற்றாண்டில் கார்த்தூசிய மடத்தலைவர் இரண்டாம் குயிகோ அந்த வாசிப்பை ஏணிப்படிகளாகச் சொன்னார். வாசிப்பு, சிந்தனை, மன்றாட்டு, கடைசியில் காட்சித் தியானம். அவர் கையாண்டது சாப்பாட்டு உவமை: முதலில் வாயில் போடுகிறாய், பிறகு மெல்கிறாய், பிறகு சுவை இறங்குகிறது, முடிவில் மிஞ்சுவது அந்த இனிமை மட்டும். மாடு அசைபோடுவதற்கும் இந்த வாசிப்புக்கும் லத்தீனில் ஒரே சொல்தான். நாமும் ஒரு வார்த்தையை மனசுக்குள் அசைபோடுகிறோம் என்கிறோமே, அதேதான். ஆனால் குயிகோ எழுதியது மடத்துச் சுவருக்குள் இருப்பவர்களுக்கு. இன்யிகோ மடத்தில் இல்லை, படுக்கையில் கிடந்தார். அங்கே கிடந்தபடி ஏறக்குறைய 300 தாள் நோட்டு ஒன்றில் படித்ததை எடுத்தெழுதினார். இயேசுவின் சொற்கள் சிவப்பு மையில், மாதாவின் சொற்கள் நீல மையில்.

அங்கிருந்து மொன்செராட், பிறகு மன்ரேசா என்று போய், தற்கொலை எண்ணம் வரை போய் மீண்டு, வருஷக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதியதுதான் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’. இடையில் அல்கலாவிலும் சலமன்காவிலும் விசாரணை, சிறை. 1548இல்தான் மூன்றாம் பவுல் பாப்பரசரின் ஒப்புதல் கிடைத்தது. படிக்க ஆரம்பித்தால் ஏமாற்றமாக இருக்கும். அதில் இலக்கியம் எதுவும் கிடையாது, சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கும். ஆட்களைப் பார், அவர்கள் பேசுவதைக் கேள், செய்வதைக் கவனி. நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் பாதை சமவெளியா, மேடுபள்ளமா? குகை பெரிதா, சிறிதா? விடையை அவர் சொல்வதில்லை, நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிடுகிறார். தியானம் கொடுப்பவர் நீளமாகப் பேசக்கூடாது என்றும் விதி வைத்திருக்கிறார், தானாகக் கண்டுகொள்வதுதான் உள்ளே இறங்கும் என்பதால். பிரசங்கிகள் கவனிக்க வேண்டிய இடம்.

இப்போது ஒரு விசித்திரம். பயிற்சிகளின் பின்னிணைப்பில், தியானிக்க வேண்டிய இயேசுவின் வாழ்க்கை நிகழ்ச்சிகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. கானா ஊர்த் திருமணம் இருக்கிறது, புயலை அடக்கியது, தண்ணீர்மேல் நடந்தது, ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தது, செத்துப்போன லாசரை எழுப்பியது எல்லாம் இருக்கிறது. நோயாளி ஒருவர் குணமாகும் காட்சி தனித்தலைப்பாக ஒன்றுகூட இல்லை. பர்த்திமேயு இல்லை, இரத்தப்போக்குள்ள பெண் இல்லை, கூரையைப் பிரித்து இறக்கிய முடக்குவாதக்காரன் இல்லை. சீடர்களை அனுப்பும் இடத்தில் நோய் தீர்க்கும் வல்லமை ஒரு வரியில் வருகிறது. கைதுக் காட்சியில் வேலைக்காரனின் காயம் ஆறுவது ஒரு வரி. அவ்வளவுதான். ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்து, கால் நேராகணும் என்று எலும்பை அறுக்கக் கொடுத்த ஆள் எழுதிய புத்தகம் இது.

ஏன் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆனால் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே வரும் அடிப்படை விதி ஒரு ஜாடை காட்டுகிறது: நோயைவிட நலத்தை நாம் முன்கூட்டியே விரும்பிவிடக் கூடாது. முதல்முறை படித்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? குணமளிக்கும் கூட்டத்துச் சுவரொட்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே நற்செய்தியின் நோயாளிகள் எல்லாரும் சாட்சிகளாக நிற்பார்கள், அவனுக்குக் கிடைத்தது உனக்கும் கிடைக்கும் என்று. கிடைக்காதவர் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார் என்பதற்கு அந்த மேடையில் இடமே இருக்காது.

யோவான் 5ஆம் அதிகாரத்தை இஞ்ஞாசியார் முறையில் எடுத்துப் பாருங்கள். எருசலேமில் பெத்சதா குளம், ஐந்து மண்டபங்கள். ஐந்து எப்படி என்று ரொம்ப நாள் குழம்பியிருந்தார்கள். தோண்டிப் பார்த்தபோது அது இரட்டைக் குளம், நான்கு பக்கமும் நடுவிலும் என்று ஐந்து சரியாக வருகிறது. இடத்தைக் கண்முன் கொண்டுவா என்றால் இதுதான்: ஈரக் கல், படிகள், அவற்றில் பார்வையற்றோர், முடவர், சூம்பிய கையோடு கிடப்பவர்கள். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவனுக்கே சுகம் என்று நம்பிக்கை. தேவதூதர் வந்து கலக்குவார் என்ற வசனம் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. பிற்காலத்தில் யாரோ சேர்த்த விளக்கம். 38 வருஷமாக நோயாளியாக இருப்பவனிடம் இயேசு வந்து, சுகமாக விருப்பமா என்று கேட்கிறார். அவன் ஆம் என்றுகூடச் சொல்வதில்லை. இறக்கிவிட எனக்கு ஆளில்லை, போவதற்குள் இன்னொருத்தன் இறங்கிவிடுகிறான் என்று புகார் படிக்கிறான். அவன் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு நடக்கிறான்.

மற்றவர்கள்? யோவான் அவர்களைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. மண்டபம் நிறையக் கிடந்தவர்களில் ஒருத்தன் போனான், மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள். இந்தப் பகுதியை வாசித்துவிட்டு விளக்கம் மட்டும் தேடினால் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள். காட்சிக்குள் போய் நின்றால்தான், நமக்குக் கிடைத்த இடம் பக்கத்துப் பாய் என்று தெரியும். அந்த இடத்தில் இருந்தபடியே, ஒரு நண்பனிடம் பேசுவதுபோல அவரிடம் பேசச் சொல்கிறது பயிற்சி. பேச்சு என்றால் நன்றியும் துதியும் மட்டும்தான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஏன் என்னை விட்டுப் போனீர் என்பதும் பேச்சுதான்.

அந்த நோயைவிட நலத்தை விரும்பாதே என்ற விதியை எழுதியவர் நோயாளிகளை என்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1537இல் அவருடைய தோழர்கள் வெனிஸ் நகரில் தீராநோயாளிகள் விடுதியில் வேலை செய்தார்கள், படுக்கை விரிப்பதிலிருந்து செத்தவரைப் புதைப்பது வரை. பிறகு சபையில் சேர வந்த ஒவ்வொரு புது ஆளுக்கும் அவர் வைத்த சோதனைகளில் முதல் இரண்டு: ஒரு மாதம் பயிற்சித் தியானம், ஒரு மாதம் மருத்துவமனைச் சேவை. 1548இல், நோன்பிருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் போர்ஜாவுக்கு, உடம்பைப் பார்த்துக்கொள், நோன்பைக் குறை என்று கடிதமும் எழுதினார்.

அந்த வெனிஸ் தோழர்களில் ஒருவர்தான் நம் சவேரியார். 1534இல் பாரிசில் இஞ்ஞாசியாரிடமே பயிற்சி எடுத்தவர். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார், தமிழ் அரைகுறை. நோயாளி வீடுகளிலிருந்து அழைப்புமேல் அழைப்பு, போய்ச்சேர முடியவில்லை. 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் தன் ஏற்பாட்டைச் சொல்கிறார்: மந்திரங்களை மனப்பாடம் செய்த பரதவர் சிறுவர்களை அனுப்புவது. அவர்கள் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாச மந்திரத்தைத் தமிழில் சொல்வார்கள், நோயாளியை நம்பச் சொல்வார்கள். பலர் சுகமானார்கள் என்கிறார் சவேரியார். பாரிசில் ஒரு மாதம் தனியே உட்கார்ந்து கற்ற மௌனமான தியானம், மணப்பாட்டுக் கரையில் சிறுவர்கள் கூட்டாகச் சொல்லும் சத்தமாக மாறியிருக்கிறது. தரம் தாழ்ந்துவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். நான் சொல்ல மாட்டேன். பாயில் கிடந்தவரைச் சுற்றி அந்த நேரத்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. பெத்சதாக்காரனுக்கு இல்லாமல்போனது அதுதானே.

இஞ்ஞாசியார் 1556 ஜூலை 31 அன்று ரோமில் இறந்தார். வருஷக்கணக்காக வயிற்றுவலி. மருத்துவர்கள் வயிறு என்று நினைத்தே வைத்தியம் பார்த்தார்கள். இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்த உடற்கூறு நிபுணர் ரெயால்டோ கொலம்போ, சிறுநீரகம், நுரையீரல், ஈரல், ஈரலுக்குப் போகும் பெரிய இரத்தக்குழாய் என்று எல்லா இடத்திலும் கற்களைக் கண்டார். 1559இல் வெளிவந்த தன் நூலில் அதைப் பதிவும் செய்தார்.