ஒரு செயலால் மட்டும் அறியப்பெறுவோரும் வாழ்க்கை வரலாறும்: நடுகல் மரபை முன்வைத்து

வாழ்க்கை வரலாற்றுக் களஞ்சியம் ஒன்றைத் தொகுக்கப் புகுவோர் முன் விரைவிலேயே வந்து நிற்கும் வினா ஒன்று உண்டு. ஒருவரைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பது ஒரே ஒரு வீரச்செயல் மட்டுமே. அவர் எங்குப் பிறந்தார், எவ்வாறு வளர்ந்தார் என்பன தெரியா. அச்செயலுக்கு முந்திய நாள் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதும் தெரியாது. இத்தகையோர்க்குத் தனியே ஒரு வாழ்க்கை வரலாறு எழுதத் தகுமா? தகும் என்பார் செயலின் பெருமையைச் சுட்டுவர். தகாது என்பார் சான்றின்மையைச் சுட்டுவர். முன்னவர் பேசுவது மதிப்பைப் பற்றி. பின்னவர் பேசுவது எழுதுவதற்குரிய பொருளைப் பற்றி. ஆகவே இருவரும் நெடுநேரம் வாதிட்டும் ஒருவர் கூற்றை மற்றவர் தொடுவதே இல்லை.

தமிழ்நாட்டிற்கும் கன்னடநாட்டிற்கும் இவ்வினா புதியதன்று. ஓராயிரம் ஆண்டுகட்கு முன்பே இவ்விரு நாடுகளும் இதற்குக் கல்லில் விடை எழுதி வைத்துள்ளன. தமிழில் நடுகல் என்றும் கன்னடத்தில் வீரகல் என்றும் வழங்கும் அக்கற்களின் மொழியமைப்பு இவ்வினாவுக்கு எவ்வளவு துணைசெய்கின்றது என்பதைப் பெங்களூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் கிடைத்த சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நடுகல்லின் மொழி

தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைக் கூறுகின்றது. கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் வரையுள்ள இவ்வாறனுள் வீரனது வாழ்க்கையை எடுத்துரைத்தல் என ஒரு நிலை தனியே இல்லை என்பது கருதத்தக்கது. கல்வெட்டுகளும் இதற்கு ஒத்தே அமைந்துள்ளன.

செங்கம் வட்டாரத்து எடத்தனூர் நடுகல்லை எடுத்துக்கொள்வோம். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பெற்றது இது. வாணகோவரைசர் வழியினர் ஒருவரின் இளமகனாகிய கருந்தேவக்கத்தி தன் எருமைகளின் பொருட்டுப் போரிட்டு இறந்தமையை இது கூறுகின்றது. அரசன் பெயர், ஆண்டு, தலைவன் பெயர், அத்தலைவனோடு உள்ள தொடர்பு, வீரன் பெயர், இறந்த சூழல், பட்டான் என்னும் சொல், இறுதியாகக் கல் என்னும் சொல். இவ்வளவே செய்தி. வயது இல்லை, மனைவி மக்கள் இல்லை, அதற்கு முன் அவன் செய்த போர் எதுவும் இல்லை. அருகில் ஒரு நாயின் உருவமும் அதற்கெனத் தனியே ஒரு குறிப்பும் உண்டு. கோவிவன் என்னும் அந்நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். தலைவனுக்குக் கிடைத்த இடத்தின் அளவில் ஏறத்தாழ ஒரு பங்கு நாய்க்கும் கிடைத்துள்ளது. எழுதியவனுக்குச் செயலே அளவுகோலாக இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இங்கே 'பட்டான் கல்' என்னும் தொடரின் இலக்கணம் சிந்திக்கத்தக்கது. 'பட்டான்' என்பதை வினைமுற்றாகக் கொண்டால் வாக்கியம் அங்கே முடிகின்றது. 'கல்' தனித்து நிற்கின்றது. வினையாலணையும் பெயராகக் கொண்டால் 'பட்டவனுடைய கல்' எனத் தொடர் இயைகின்றது. வடிவம் இரண்டிற்கும் ஒன்றே. பின்னைய பொருளே கல்வெட்டின் நோக்கத்திற்கு மிகப் பொருந்துவதாக எனக்குத் தோன்றுகின்றது. அவ்வாறாயின் வீரனைச் சுட்டும் பெயர்கள் இரண்டாகின்றன: பெற்றோர் இட்டது ஒன்று, இறப்பு இட்டது மற்றொன்று. கல் உரியதாவது பின்னைய பெயருக்கே. ஒரு வினையிலிருந்து ஒரு மனிதனைக் குறிக்கும் பெயரை ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் மொழியிலேயே இருக்கும்போது, அவனது எஞ்சிய வாழ்வைத் தேட வேண்டிய தேவை அக்காலத்தார்க்கு எழவில்லை போலும்.

இம்மரபு மிகப் பழையது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பெற்ற தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று கூடலூர் ஆகோளில் இறந்த ஒருவனுக்கு உரியது. ஆகோள் என்னும் இலக்கணக் கலைச்சொல் அக்கல்லில் அப்படியே பயின்று வருகின்றது. பிற்கால நடுகற்களில் ஆநிரையைக் குறிக்கும் 'தொறு' என்னும் சொல்லும் கன்னடத்துத் 'துறு' என்பதும் ஓரினச் சொற்கள். நிரை கவர்தலைக் கன்னட வீரகற்கள் 'துறுகோள்' என்றே கூறும். எல்லை எங்கே வகுத்தாலும் மாடு கவர்வதற்கும் மீட்பதற்கும் இருந்த சொல் ஒன்றாகவே இருந்திருக்கின்றது.

பெங்களூர்க் கற்கள்

பெங்களூரின் வடபால் ஹெப்பாளத்தில் 2018இல் வெளிப்பட்ட வீரகல் கி.பி. 750 அளவினது. கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தில் இராட்டிரகூடப் படையெடுப்பை எதிர்த்து இறந்த கித்தையன் என்பவனுக்கு அது எடுக்கப்பெற்றது. ஊரார் திரட்டிய பொருளால் அதற்கு இப்போது ஒரு மண்டபமும் அமைந்துள்ளது. ஹெப்பாளத்தின் பழம்பெயர் அக்கல்லில் 'பெர்ப்பொழல்' எனக் காணப்படுகின்றது. பெரிய ஊர் என்பது அதன் பொருள். மொழிமுதற் பகரம் பிற்காலக் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்தமையைப் பால், பல் என்னும் தமிழ்ச் சொற்களை ஹாலு, ஹல்லு என்பனவற்றோடு ஒப்பிட்டு அறியலாம். அத்திரிபுக்கு முற்பட்ட வடிவத்தை ஒரு போர்வீரனின் இறப்புச் செய்தி காத்து வைத்துள்ளது.

இங்கேதான் இடர் தொடங்குகின்றது. கித்தையனைப் பற்றிப் பேசப் புகுந்த நான் இரண்டு வாக்கியங்களுக்குள் பகரத்திற்கு வந்துவிட்டேன். மொழியியலார்க்கு மட்டும் உரிய குறை அன்று இது. நகரின் தென்புறத்துப் பேகூரில் நாகேசுவரர் கோயிலில் உள்ள, கி.பி. 890 அளவிலான பழங்கன்னடக் கல்வெட்டையே சான்றாகக் கூறலாம். பெங்களூர்ப் போரில் நேர்ந்த இறப்பை அது பதிவு செய்கின்றது. பெங்களூர் என்னும் பெயர் கெம்பெகவுடர் 1537இல் நகர் அமைத்ததற்கும், வீர வல்லாளன் அவித்த பயறு உண்டான் என்னும் பெயர்க்காரணக் கதைக்கும் பல நூற்றாண்டு முற்பட்டது என்பதை மெய்ப்பிக்க அக்கல் இடையறாது எடுத்துக்காட்டப்படுகின்றது. எடுத்துக்காட்டுவோருள் இறந்தவன் யார் எனக் கேட்போர் சிலரே.

கேட்டால் விடை எளிதன்று. நாகத்தரன் என்னும் தலைவனின் மகன் புட்டணபதி என ஒரு சாரார் கொள்வர். நாகத்தரனின் ஏவலன் புட்டண செட்டி எனச் செய்தித்தாள் வழி ஒரு வடிவம் பரவியுள்ளது. வேறுபாட்டின் ஒரு பகுதி 'மகன்' என்னும் சொல்லிலேயே உள்ளது. பழங்கன்னடத்தில் 'மனெமக' என்பது தலைவன் இல்லத்தைச் சார்ந்த படைஞனையும் குறிக்கும். எடத்தனூர்க் கல்லின் 'இளமகன்' என்பதும் புதல்வன் என்று பொருள்படுவதன்று; சேவகன் என்பதே அங்குப் பொருள். வாழ்க்கை வரலாற்றின் முதல் வாக்கியம் இன்னார் மகன் இன்னார் என்பது. அவ்வொரு வாக்கியத்தையே ஐயமின்றி எழுத இயலாத நிலையில் இரண்டாவது வாக்கியத்தை எங்கிருந்து கொணர்வது?

நாகத்தரன் நிலை வேறு. பேகூரிலிருந்து பெங்களூர் அரசு அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவரப்பெற்ற பெரிய வீரகல்லில் துும்பேபாடிப் போர்க்களம் யானைகளும் குதிரைகளும் வீழ்ந்தோருமாக விரிவாகச் செதுக்கப்பட்டுள்ளது. கங்கன் எரெயப்பன் பணித்தபடி அய்யப்பதேவனுக்குத் துணையாகச் சென்று வீரமகேந்திரனோடு பொருது நாகத்தரன் இறந்ததையும், அதன்பின் இருகன் என்பவனுக்கு அப்பதவியும் பெம்பூர்ப் பன்னிரண்டும் வழங்கப்பட்டதையும் அது கூறுகின்றது. இறப்புக்கு முன் ஓர் ஆணை. பின் ஒரு பதவியுரிமை. நிலம் கைமாறும் இடத்தில் எழுத்தும் நீள்கின்றது.

அதே அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆதகூர்க் கல் இன்னும் வியப்புக்குரியது. கி.பி. 949-50 அளவினதாகிய அக்கல், பூதுகனின் வீரன் மணலேரன் பரிசாகக் கேட்டுப் பெற்ற காளி என்னும் நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது அதனைக் கொன்று தானும் மாண்டதற்காக நடப்பெற்றது. தக்கோலப் போரில் பூதுகன் சோழன் இராசாதித்தனைக் கொன்ற செய்தியும் அதில்தான் உள்ளது. யானைமேல் இருந்தவாறே இராசாதித்தன் மாண்டான் எனச் சோழர் தரப்பு ஆனைமங்கலச் செப்பேடு கூறுவதோடு வைத்து ஆராயப்படும் முதன்மைச் சான்று ஒரு நாயின் நினைவுக்கல்லே. சோழர் வரலாறு எழுதுவோர் காளியைக் கடந்தே தக்கோலத்திற்குச் செல்லவேண்டியுள்ளது.

ஓபவ்வை

கல் இல்லாமல் கதையாக நிற்போர் சிக்கல் இதனினும் நுட்பமானது. சித்திரதுர்க்கக் கோட்டையைக் கவர ஐதர் அலியின் படைஞர் பாறைகளுக்கு இடையிலான குறுகிய வழியாக ஒவ்வொருவராய் நுழைந்தபோது, காவலன் மனைவி ஓபவ்வை உலக்கையால் அவர்களை அடித்து வீழ்த்தினாள் என்பது மரபு. கோட்டை 1779இல் மதகரி நாயக்கனிடமிருந்து ஐதர் கைக்குப் போயிற்று. அவ்விடுக்கு இன்றும் ஓபவ்வையின் கிண்டி எனக் காட்டப்படுகின்றது. கன்னட 'ஒனகெ' நம் உலக்கைக்கு இனமான சொல். 'ஒனகெ ஓபவ்வ' என அது பெயரோடு ஒட்டிவிட்டது. முன்னர்க் கண்ட 'பட்டான்' போலவே இங்கும் செயலே பெயருள் புகுந்துள்ளது. மரபு கூறும் அவள் கணவன் பெயர் கஹளெ முத்தஹனுமன். கஹளெ என்பது ஊதுகொம்பு. தொழிலும் கருவியும் நீங்கினால் இருவரைப் பற்றியும் நம்மிடம் எஞ்சுவது சிறிதே.

இவ்வெற்றிடத்தை நிரப்பும் முயற்சிகள் பல. 1972இல் வெளிவந்த 'நாகரஹாவு' திரைப்படத்தில் நடிகை ஜெயந்தி ஓபவ்வையாகத் தோன்றினார். பலர் மனத்தில் ஓபவ்வைக்கு அம்முகமே நிலைத்தது. த. ரா. சுப்பராயரின் 'துர்காஸ்தமான' கோட்டையின் வீழ்ச்சியைப் புதினமாக்கிற்று. 2021 முதல் கர்நாடக அரசு நவம்பர் 11ஆம் நாளை ஓபவ்வை ஜயந்தியாகக் கொண்டாடி வருகின்றது. விழா எடுப்பதற்கு நாள் ஒன்று வேண்டும். அதில் குறைகாண இடமில்லை. ஆனால் அந்நாள் களஞ்சியத்தில் 'பிறப்பு' என்னும் இடத்தில் ஏறுமாயின் அது வரலாற்றுத் தரவாகிவிடும். அடுத்து வரும் நூல் அதனை எடுத்தாளும். அதற்கடுத்தது பிறப்பூரையும் சேர்க்கும்.

அதற்காக ஓபவ்வையை விலக்கிவிடலாம் என்பதும் எனக்கு உடன்பாடன்று. ஆவணம் உடையோர்க்கே வரலாறு என விதிப்பின், எவர் பெயரை அரண்மனைக் கணக்கர் எழுதினரோ அவர்க்கு மட்டுமே இடம் கிடைக்கும். ஓபவ்வையை மரபு தாழ்த்தப்பட்ட குடியினளாகக் காட்டுகின்றது. நிலம் கைமாறாத இறப்புக்கு எழுத்து நீளாது என்பதைப் பேகூரிலேயே கண்டோம். அந்த மௌனத்தை ஆய்வாளர் தம் விதியாக ஏற்றுக்கொள்ளல் ஆகாது. புனைந்து நிரப்புதலும் அவளுக்குச் செய்யும் நன்மையன்று. உலக்கை ஏந்தியவளை அகற்றிவிட்டு வேறொருத்தியை அங்கு நிறுத்துவதாகவே அது முடியும்.

ஆகவே பிரித்தறிய வேண்டுவது செயலின் பெருமையை அன்று. செயலுக்கு வெளியே சான்று செல்கின்றதா என்பதையே. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனும் ஒரு செயலால் அறியப்பெற்றவரே. எனினும் அவர் வனத்துறையில் பணிபுரிந்தமை, சட்டைப்பையிலிருந்த கடிதம், நீலகண்ட பிரம்மசாரி முதலியோர் மீது நடந்த சதி வழக்கு ஆகியவற்றால் செயலுக்கு முன்னும் பின்னும் நம்மால் நடக்க இயலுகின்றது. அச்செயலைப் போற்றுவோரும் மறுப்போரும் ஒருங்கே பயன்படுத்தத்தக்க வாழ்க்கை வரலாறு அவர்க்கு உண்டு. ஓபவ்வைக்கு உரியது செயலைப் பற்றிய பதிவும், அச்செயல் நினைவுகூரப்பட்ட வரலாறும் ஆகும். கிண்டி, நாட்டுவழக்கு, புதினம், திரைப்படம், அரசு விழா என ஒவ்வொன்றும் தத்தம் காலத்தோடு அதில் இடம்பெறலாம். அளவில் அது வாஞ்சிநாதனுடையதினும் நீண்டுவிடவும் கூடும்.

கித்தையனுக்கு ஐந்து வரி போதும்: நாடு, மன்னன், பகைவர், இறப்பு, கல் இப்போதுள்ள இடம். பேகூரில் இறந்தவர்க்கோ இருவகைப் படிப்பையும் காட்டி இரண்டு தலைப்புச்சொற்கள் தேவைப்படும். 'மகன்' என்பதன் பொருள் அங்கே முடிவுறாமலே நிற்கவேண்டும். பெங்களூர் என்னும் பதிவில் அக்கல்லைச் சுட்டுமிடத்து, அப்பெயர் கிடைத்தது ஓர் இறப்புச் செய்தியில் என்பதை ஒரு சொல்லாவது சேர்த்து எழுதலாம்.