அளத்தில் நிற்பவர் பங்கு

கிளியனூருக்கு வடகிழக்கே, கழுவேலிக்கு அப்பால், மரக்காணம் உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. முதலைவிட மனித உழைப்பையே பெரிதும் நம்பி நடக்கும் தொழிலுக்கு நம் வட்டாரத்தில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை எனலாம். கடல்நீருக்கு விலையில்லை, வெயிலுக்கும் விலையில்லை. ஆனால் கடல்நீரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றரைப் பங்கே உப்பு. எஞ்சிய நீரை வெயில் குடித்து முடிக்கும்வரை வரப்புக் கட்டவும், பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்கவும், படிந்த உப்பைப் பலகையால் வாரவும், கூடையில் சுமந்து அம்பாரம் குவிக்கவும் ஆள் வேண்டும். நீர் இறைக்க இயந்திரம் வந்த பின்னும் இவ்வேலைகள் பெரும்பாலும் கைகளையும் கால்களையும் விட்டு நீங்கவில்லை. பருவம் தவறிய ஒரு மழை அத்தனையையும் கரைத்துவிடும்.

இத்தொழிலின் தொன்மைக்கு இலக்கியச் சான்றுகள் உண்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. உமணர் தம் குடும்பத்தோடு உப்பு வண்டியில் செல்லும் காட்சியும் அந்நூலில் வருகிறது. நெல்லும் உப்பும் ஒன்றுக்கு ஒன்று நேர் என்று கூவி விற்ற செய்தியை அகநானூறு தருகிறது. எனினும் வகுப்பறையில் நாம் உமணரின் வண்டியையும் எருதையும் விளக்குமளவுக்கு, அந்த உப்பை விளைத்தவரைப் பற்றிப் பேசுவதில்லை.

வரலாறும் அவ்வாறே நடந்துகொண்டது. 1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமை ஆக்கிற்று. விளைத்தவர் உப்பைக் கம்பெனியிடமே ஒப்படைக்க வேண்டும். அதற்கு அளித்த குறைந்த தொகைக்குக் குடிவாரம் என்று பெயர். 1818இல், அண்டையிலுள்ள புதுச்சேரியிலும் காரைக்காலிலும் உப்பு விளைப்பதை நிறுத்தப் பிரெஞ்சுக்காரர் இசைந்தனர். அதற்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திரப் பகோடாக்கள் தருவதாக ஆங்கிலேயர் ஒப்பினர். அத்தொகை அளத்தின் உடைமையாளருக்கு இழப்பீடு என்றே குறிக்கப்பட்டது. அளத்தில் நின்று வேலையிழந்தவர் ஒப்பந்தத்தின் கண்ணில் படவில்லை.

1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, உப்பு வரி மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய். உண்பவர் அனைவர் மீதும் சுமத்தப்பட்ட அநீதி அது. அதை எதிர்த்த போராட்டம் நாட்டையே ஒன்றாக்கிற்று. 1947இல் வரி நீங்கியது. ஆனால் வரி என்பது உண்பவரின் சிக்கல். விளைப்பவரின் கூலி, கண்ணைக் கூசவைக்கும் வெண்மை, உவர்நீரில் வெடிக்கும் பாதம், வேலையற்ற மழை மாதங்கள் ஆகியன வேறு கணக்கு. அந்தக் கணக்கைத் தொடங்கவே நெடுங்காலம் ஆயிற்று. மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு நடைமுறைப்படுத்தியது 2022இல்தான்.

மூலதனம் குறைவாகத் தேவைப்படும் தொழிலில் உழைப்பவர்க்கே பெரும்பங்கு சேரவேண்டும் என்பது எளிய நியாயம். உப்பின் வரலாறு அதற்கு மாறானது. உழைப்பு மிகுதியாகத் தேவைப்பட்ட இடத்தில் உழைப்பவர் பலராயினர். பலராக இருந்ததாலேயே அவர்தம் கூலி மலிவாயிற்று. நிலமும், குத்தகை உரிமையும், கொள்முதலும் பிறர் கையில் இருந்தன. ஒருகாலத்தில் நெல்லுக்கு நேராக நின்ற பண்டம் அது. இன்று அளத்தில் ஒரு கிலோ உப்புக்குக் கிடைக்கும் விலையில் எந்தக் களத்திலும் ஒரு கிலோ நெல் கிடைக்காது. நெய்தல் திணையை நடத்தும் ஆசிரியர்கள் இந்த ஒரு செய்தியையும் மாணவர்க்குச் சேர்த்துச் சொல்லலாம்.