சொந்தக்காரருக்கும் பூட்டிய கதவு: கோப்பு அனுமதிகளின் வரலாறு

விண்டோஸ் கணினியில் ஒரு சிஸ்டம் கோப்பை அழிக்கப் போனால், 'டிரஸ்டட்இன்ஸ்டாலர்' அனுமதி தர வேண்டும் என்று திரை சொல்கிறது. அந்தப் பெயரில் வீட்டில் யாரும் இல்லை. காசு கொடுத்து வாங்கியவரைக் கணினியே தடுக்கும் இந்த நிலை எப்படி வந்தது?

தொடக்கத்தில் அச்சம் பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றியது. எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோ குழு 1961இல் இயக்கிக் காட்டிய சி.டி.எஸ்.எஸ்., ஒரே கணினியைப் பலருக்குப் பங்கிட்டது. கடவுச்சொல்லும் அங்கே புழக்கத்துக்கு வந்தது. 1966இல் ஒருவர் கடவுச்சொல் கோப்பையும் மற்றவர் வரவேற்புச் செய்தியையும் திருத்த, இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் எடிட்டரைத் திறந்தனர். இருவரின் தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறின. அன்றைய வரவேற்புச் செய்தியாக எல்லாருடைய கடவுச்சொற்களும் முனையங்களில் அச்சாயின. திருடன் யாருமில்லை, கோப்புக்குப் பெயர் வைத்த முறைதான் குற்றவாளி.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டுக் கையேட்டில் உரிமையாளர், மற்றவர் என்ற இரண்டே தரப்புகள். 'குழு' பின்னர் சேர்ந்தது. படிக்க, எழுத, இயக்க என மூன்று தரப்புக்கும் மூன்று மூன்றாக ஒன்பது பிட்டுகள் ஆயின. இதில், யூனிக்ஸை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சியின் 'செட்யூஐடி' தனித்து நிற்கிறது. கடவுச்சொல் கோப்பில் எழுதும் உரிமை 'ரூட்' என்ற முழு அதிகாரக் கணக்குக்கு மட்டுமே; ஆனால் ஒருவர் தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றவும் வேண்டும். எனவே மாற்றித் தரும் நிரல், யார் இயக்கினாலும், அதன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும். 1979இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆளுக்கும் நிரலுக்கும் வேறு வேறு அதிகாரம் இருக்கலாம் என்ற எண்ணத்தின் விதை இதுவே என்பது என் கணிப்பு.

மேசைக் கணினி இந்தப் பாடத்தை மறந்தது. 1981இல் வந்த டாஸ் இயங்குதளத்தில் பயனர் என்ற கருத்தே இல்லை. ஒருவர், ஒரு கணினி. கோப்புக்கு ஒரு பைட்டில் சில அடையாளங்கள்: மறைந்தது, சிஸ்டம், பின்னர் படிக்க மட்டும். 'ஆட்ரிப்' கட்டளை தெரிந்த எவரும் அவற்றை நீக்கிவிடலாம். பூட்டு என்பதைவிட, 'தொடாதே' என்று எழுதி ஒட்டிய சீட்டு என்பதே பொருத்தம்.

வி.எம்.எஸ். இயங்குதள அனுபவத்தோடு வந்த டேவ் கட்லர் குழுவின் விண்டோஸ் என்.டி. 1993இல் கோப்புதோறும் விரிவான அனுமதிப் பட்டியலைக் கொண்டுவந்தது. அது வீடுகளுக்குப் பரவலாகச் சென்றது 2001இல், விண்டோஸ் எக்ஸ்பி வழியாக. ஆனால் நிறுவும்போது உருவான கணக்குகள் எல்லாம் நிர்வாகிக் கணக்குகள். பூட்டு வந்தது, சாவி எல்லார் கையிலும் இருந்தது.

இதற்கிடையே வேறொரு தொல்லை. புதிதாக நிறுவும் நிரல்கள் பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் டி.எல்.எல். கோப்புகளைப் பழைய பதிப்பால் மேலெழுதின. முன்பு ஓடிய நிரல்கள் முடங்கின. இங்கே கெடுத்தவர் பயனர் அல்லர், அவர் பெயரில் ஓடிய நிரல். யார் என்று பார்க்கும் அனுமதிக்கு இந்த வேறுபாடு தெரியாது. விண்டோஸ் 2000 ஆளையே கேட்கவில்லை: மாறிய சிஸ்டம் கோப்பைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துப் பழையபடி வைத்தது. பின்னர் வந்த விண்டோஸ் விஸ்டா அக்கோப்புகளின் உரிமையையே டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற சேவைக்கு எழுதிக் கொடுத்தது.

ஆயினும் நிர்வாகி உரிமையைக் கைப்பற்றிக்கொள்ளும் வழியை மைக்ரோசாஃப்ட் அடைக்கவில்லை. ஆப்பிள் அதையும் அடைத்தது. 2015இல் வந்த அதன் எல் கேபிடன் இயங்குதளத்தில் ரூட்டுக்கும் சிஸ்டம் கோப்புகளில் கைவைக்க முடியாது. அந்தக் காவலை நீக்க வேண்டுமானால் கணினியை மீட்பு நிலையில் தொடங்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் எந்த நிரலாலும் அதைத் தானாகச் செய்ய இயலாது. விசைப்பலகையின் முன் ஓர் ஆள் உட்கார்ந்தாக வேண்டும்.