செவிக்கு உரைகல்

ஒலிக்கருவியொன்றின் தரத்தை அறிய எவ்வகைத் தட்டைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு வரலாற்றில் ஒரு விடை உண்டு.

ஆங்கிலப் பொறியியலாளர் அலன் புளும்லைன், இரு செவிக்கும் ஏற்ப ஒலியை இருவழியாகப் பதியும் முறைக்கு 1931 டிசெம்பரில் ஆக்கவுரிமை கோரினார். 1933 டிசெம்பரில் அவர் பதிந்த சோதனைத் தட்டில் இசையே இல்லை. அறையொன்றில் சிலர் பேசியவாறு நடந்தமையே பதியப்பட்டது. நடப்பவர் இடப்புறமிருந்து வலப்புறம் செல்லுங்கால் குரலும் உடன் செல்லாதாயின், அப்பிழை குழந்தைக்கும் புலப்படுமன்றோ! அதன் பின்னரே, 1934 சனவரியில், இலண்டன் அபே றோட் கலையகத்தில் தோமஸ் பீச்சம் நடத்திய மொஸாட்டின் ‘யூப்பிற்றர்’ சிம்பனி ஒத்திகையைப் பதிந்தார். பல வாத்தியங்கள் ஒருங்கே முழங்கும்போதும் ஒவ்வொன்றும் தன்னிடத்தில் நின்று கேட்கின்றதா என்பது அடுத்த சோதனை.

இருவழி இசைத்தட்டுகள் கடைகளிற் பரவியது 1958 அளவிலேயாம். புளும்லைனோ, 1942இல் றேடார்ச் சோதனை விமானமொன்று வீழ்ந்தபோது, 38 வயதில் மாண்டார். தாம் நட்ட மரத்தின் கனியை அவர் சுவைத்திலர்.

எனினும் அவர் காட்டிய வழி இன்றும் பொருந்தும். பேரோசைத் தட்டு செவியை மயக்கும். நன்கு பழகிய குரலே கருவியின் உண்மையை உரைக்கும். ஆதலின், கருவி வாங்கச் செல்வோர் தாம் நாளும் கேட்டறிந்த ஒரு பாடலையே உடன் கொண்டு செல்க.